பல்புகளால் செய்த உடை

இன்றைய பதிவு வழக்கத்தைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

1956 அக்டோபர். டோக்கியோவில் ஒஹாரா கைகான் என்ற மண்டபத்தில் ஓர் ஓவியர் குழுவின் கண்காட்சி. அங்கே 24 வயதுப் பெண் ஒருவர், தலையிலிருந்து கால்வரை தன்னை மூடும் ஓர் உடைக்குள் புகுந்து நிற்கிறார். துணி உடை அல்ல. சுமார் 200 மின்விளக்குகளை வயரில் கோத்துச் செய்த உடை. குண்டு பல்புகளும் குழல் விளக்குகளும் கலந்திருந்தன. ஒன்பது வண்ணங்களில் பெயின்ட் பூசியவை. எடை 50 கிலோவுக்கும் மேல். முகமும் கையும் மட்டும்தான் வெளியே தெரியும்.

உதவிக்கு நின்றவர் "கரண்ட் கொடுக்கப்போகிறேன்" என்று சொன்ன நொடியில், மரண தண்டனைக் கைதிக்கு இப்படித்தான் இருக்குமோ என்ற எண்ணம் ஒரு கணம் வந்துபோனதாக அந்தப் பெண் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விளக்குகள் எரிந்தன. எரிந்து எரிந்து அணைந்தன, ஓர் ஒழுங்கில்லாமல். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் பெயர் அட்சுகோ தனாகா. அந்த உடைக்கு அவர் வைத்த பெயர் 'மின்சார உடை'. இன்று உலகக் கலை வரலாற்றுப் புத்தகங்களில் அதன் படம் இல்லாமல் இருக்காது.

பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்த பழக்கதோஷம், படத்தைப் பார்த்ததும் எனக்குக் கணக்குதான் ஓடியது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். 200 விளக்குகளின் சூட்டில் உடம்பு வியர்க்கும். வியர்த்த உடம்பின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வகுத்துப் பாருங்கள்: 100 மில்லி ஆம்பியர். நம் வீடுகளில் உயிர்காக்க வைக்கும் ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த உடையில் ஏதோ ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், வயரின் தோல் உரிந்திருந்தால் போதும். கைதியின் நினைவு அவருக்கு வந்தது கற்பனை மிகுதியால் அல்ல.

இதை நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு மயில்.

என்னிடம் 1980களில் படித்த மாணவர் ஒருவர் இப்போது பந்தல், சீரியல் செட் தொழில் செய்கிறார். போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். அவருடைய அப்பா காலத்தில் திருவிழாவுக்குக் கட்டிய மயில் போர்டு. மூங்கிலும் சட்டமும் சேர்த்த 12 அடி மயில், தோகை முழுக்கக் கலர் பல்பு. தோகை விரிவதுபோல விளக்கு ஓடுவதற்குப் பின்னால் ஒரு மர உருளை: அதன் மேல் செம்புத் தகடுகள், தகடுகளை உரசும் பட்டைகள், சுற்றிவிட ஒரு மோட்டார். 30 வருடத்துக்கு மேலாகப் பரணில் கிடந்திருக்கிறது. "சார், அப்பா செஞ்சது. இதை அப்படியே எரிய வைக்கணும். பிளக்கைச் சொருகிப் பார்க்கட்டுமா?"

"தம்பி, சொருகாதே. நான் சொல்லும்வரை சொருகவே சொருகாதே" என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் யோசித்தேன், சொருகாமல் வேறு என்ன செய்வது? உலகத்தில் இப்படிப் பழைய விளக்குக் கலைப்பொருளை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அப்படித் தேடிப் போனதில்தான் தனாகாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் கிடைத்தார்கள்.

தனாகா 1932இல் ஒசாகாவில் பிறந்தவர். ஜிரோ யோஷிஹாரா என்ற ஓவியர் 1954இல் அஷியா என்ற ஊரில் தொடங்கிய 'குதாய்' குழுவில் அடுத்த ஆண்டு சேர்ந்தார். இதுவரை யாரும் செய்யாததைச் செய் என்பதுதான் அந்தக் குழுவின் பாலபாடம். ஒருவர் சேற்றில் புரண்டு ஓவியம் செய்தார், ஒருவர் காகிதத் திரைகளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தார். தனாகா 1955இல் 20 மின்சார மணிகளைக் கண்காட்சிக் கூடத்தில் வரிசையாக வைத்தார். பார்க்க வருபவர் பொத்தானை அழுத்தினால் மணி ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக்கொண்டே தூரம் போய்த் திரும்பி வரும். அடுத்த ஆண்டு உடை. ஒசாகா ரயில் நிலையத்தில் நின்றபோது கண்ணில்பட்ட ஒரு மருந்து விளம்பரத்தின் நியான் விளக்கிலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது.

கிமோனோ கட்டிய நாட்டில் ஒரு பெண் விளம்பர வெளிச்சத்தை உடுத்திக்கொண்டு நிற்கிறாள். போர் முடிந்து 11 வருடம். தீக்கிரையான நகரங்கள் நியான் விளக்கில் மினுக்கத் தொடங்கியிருந்த காலம். அந்த மினுக்கு அழகாக இருக்கிறது, கூடவே சுடவும் செய்கிறது. ஆபத்து அந்தப் படைப்பின் குறையா, அல்லது அதன் பொருளே அதுதானா? பழுதுபார்ப்பவர்களின் தலைவலி இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

கல்சிலை உடைந்தால் ஒட்டலாம். ஓவியம் மங்கினால் துடைக்கலாம். இரண்டுமே பார்க்க வருபவனைக் கொல்லாது. மின்விளக்குக் கலை அப்படியில்லை. எரியாமல் வைத்தால் அது வெறும் இரும்பும் கண்ணாடியும். எரிய வைத்தால் ஆள் உயிருக்கும் கட்டடத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். எரிய வைக்க வேண்டுமென்றால் பழையதை மாற்ற வேண்டும். மாற்றினால் அது பழைய பொருளா?

முதலில் பழைய வயருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் மேசை விளக்குக்கும் பொருந்தும்.

அந்தக் கால வயரில் செம்புக் கம்பிமேல் ரப்பர், ரப்பர்மேல் பருத்தி நூல் பின்னல். வெளியே பார்த்தால் நூல் பளிச்சென்று இருக்கும். உள்ளே ரப்பர் பல வருடக் காற்றிலும் சூட்டிலும் மொரமொரவென்று முறுக்குபோல் ஆகியிருக்கும். அசையாமல் இருக்கும்வரை தாங்கும். துடைக்கலாம் என்று எடுத்து வளைத்தால் உள்ளுக்குள்ளேயே பொடிந்துவிடும். இதில் மோசமான இடம் பல்பு ஹோல்டரை ஒட்டிய நாலு விரற்கடை, சூடு அங்கேதான் அதிகம். சில பழைய விளக்குகளில் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருப்பார்கள். அதைப் பிரஷ் போட்டுத் தட்டினால் தூசி நுரையீரலுக்குப் போகும். உடம்பு முழுவதும் உலோகமாக இருக்கும் விளக்குக்கு இரண்டு பின் பிளக் மட்டும் இருக்கும், எர்த் கிடையாது. உள்ளே வயர் தொட்டுக்கொண்டிருந்தால் விளக்கு முழுக்க மின்சாரம்.

டியூப்லைட் வைத்த பழைய பொருளாக இருந்தால் சோக்கின் கூடவே வரும் கண்டென்சரைப் பார்க்க வேண்டும். 1970கள்வரை பல நாடுகளில் அதற்குள் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற நச்சு எண்ணெயை ஊற்றினார்கள். 2000இல் டோக்கியோவை அடுத்த ஹச்சியோஜியில் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையில் அப்படிப்பட்ட பழைய டியூப்லைட் பெட்டி வெடித்து அந்த எண்ணெய் பிள்ளைகள்மேல் சிந்தியது. வகுப்பறையில் 34 வருடம் நின்றவனுக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சீரியல் செட் பற்றி ஒரு விஷயம். 6 வோல்ட் பல்பு நாற்பதை வரிசையாகக் கோத்தால் 240 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு பல்பு 6 வோல்ட்தானே என்று நமக்கு ஓர் அலட்சியம். நானும் அப்படித்தான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர்த் திருவிழாவில் எரியாத சரத்தில் ஒரு பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் துரு இருக்கிறதா என்று விரலை விட்டேன். சுவிட்ச் போட்டிருந்தது. ஒரு பல்பைக் கழற்றிவிட்டால் அந்த இடைவெளியின் இரு முனையிலும் முழு வோல்டேஜும் வந்து நிற்கும் என்பதை நான் அதே வாரம் பிள்ளைகளுக்குப் பாடமாக எடுத்திருந்தேன்! பக்கத்தில் இருந்த வாழைமரத்தில் போய் விழுந்தேன், பிழைத்தேன். வலது ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆகவே "சொருகாதே" என்று நான் சொன்னது புத்தக அறிவில் அல்ல.

சரி, வரலாற்றுக்கு வருவோம். தனாகாவுக்கு 26 வருடம் முந்தி, இதே மாதிரி சுழலும் உருளையை வைத்து விளக்குகளை ஆட்டிவைத்த ஒருவர் இருந்தார். ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்த லாஸ்லோ மொஹோலி-நாகி. அவரும் வாத்தியார் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு பிரியம்.

1930இல் பாரிஸ் கிராண்ட் பலே மண்டபத்தில் ஜெர்மன் கலைஞர்களின் காட்சியில் தன் இயந்திரத்தை வைத்தார். (இருபது வருடம் முன்பு, 1910இல், ஜார்ஜ் க்ளோட் என்ற பிரெஞ்சுக்காரர் நியான் விளக்கை உலகுக்கு முதலில் பெரிதாகக் காட்டியதும் இதே மண்டபத்தில்தான்.) ஏ.இ.ஜி. மின் நிறுவனம் செய்ய உதவியது. ஸ்டீஃபன் செபோக் என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டுக்கொடுத்தார். 'மின் மேடைக்கான ஒளிக்கருவி' என்று பெயர். ஓட்டையிட்ட உலோகத் தகடுகள், கண்ணாடி, கம்பிவலை, எல்லாம் ஒரு மோட்டாரில் சுழலும். அது ஒரு பெட்டிக்குள் இருந்தது. 120 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி, முன்பக்கம் வட்டமான திறப்பு. திறப்பைச் சுற்றி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளை என 15 வாட் பல்புகள் சுமார் 70. கூடவே 100 வாட் விளக்குகள் ஐந்து. உள்ளே இன்னொரு வரிசை வேறு. உருளை சுற்றச் சுற்ற பல்புகள் மாறி மாறி எரிந்து, இரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். பெட்டியின் பின்சுவரில் விழும் நிழலும் நிறமும்தான் பார்க்க வேண்டிய காட்சி.

முன்வரிசையை மட்டும் கூட்டினாலே 1550 வாட். மூடிய பெட்டிக்குள் ஒன்றரை இஸ்திரிப் பெட்டியின் சூடு. வயர்களின் கதியை நினைத்துப் பாருங்கள்.

நாஜிகள் வந்ததும் மொஹோலி-நாகி ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, ஆம்ஸ்டர்டாம், லண்டன், 1937இல் சிகாகோ என்று அலைந்தார். போகுமிடமெல்லாம் இயந்திரமும் கூடவே. கலைப்பொருள் என்றால் எந்தச் சுங்க அதிகாரி நம்புவார்? ஒவ்வொரு எல்லையிலும் ஒவ்வொரு பெயர் சொல்ல வேண்டியிருந்தது, கடைசியில் சலூன் சாமான் என்றுகூட எழுதிக் கொடுத்தார்கள் என்று அவர் மனைவி சிபில் எழுதியிருக்கிறார். 1946இல் மொஹோலி-நாகி ரத்தப் புற்றுநோயில் இறந்தார். 1956இல், தனாகா உடைக்குள் புகுந்த அதே வருடம், சிபில் அந்த இயந்திரத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புஷ்-ரைசிங்கர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

இடையில் பெட்டி போய்விட்டது. வண்ண பல்புகளும் போய்விட்டன. நடுவிலிருந்த சுழலும் உலோகக் கருவி மட்டும் மிஞ்சியது. இன்று கலை மாணவரிடம் கேட்டால் அந்த உலோகக் கருவியைத்தான் சிற்பம் என்று சொல்வார். ஒளியை உண்டாக்கிய பாதி தொலைந்து, ஒளியை வாங்கிய பாதி கலையாகிவிட்டது. சாப்பாடு போய்விட்டது, தட்டை வைத்துக் கொண்டாடுகிறோம் என்று எனக்குத் தோன்றியது. நிபுணர்கள் இதற்கு என்மேல் கோபிக்கலாம்.

ஆனால் மிஞ்சிய பாதியை அவர்கள் நடத்திய விதத்தில் நாம் கற்க இருக்கிறது. ஓடினால் தேயும். தேய்ந்தால் பாகத்தை மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அவர் கைப்பட்டது எது மிச்சம்? ஆகவே 1970இல் இரண்டு மறுபடிகள் செய்தார்கள். ஒன்று நெதர்லாந்தின் ஐந்தோவனிலும், ஒன்று பெர்லினில் பௌஹவுஸ் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. 2006இல் லண்டன் டேட் மாடர்ன் கண்காட்சிக்காக இன்னொன்று. நாளெல்லாம் ஓடும் வேலை மறுபடிகளுக்கு. மூலப்பொருளை வயதான தாத்தாவை வாசல்வரை நடத்திக் கூட்டிவருவதுபோல, குறித்த நேரத்தில் சில நிமிடம் மட்டும் ஓட்டிக் காட்டி நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொருவர் தாமஸ் வில்ஃப்ரெட். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், ல்யூட் என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடிப் பிழைத்தவர். ஒளியை இசைபோல வாசிக்கலாம் என்று அவருக்கு ஒரு பித்து. 'க்ளாவிலக்ஸ்' என்று ஒரு கருவி செய்து 1922இல் நியூயார்க்கில் மேடையேற்றினார். கட்டைகளை நகர்த்தினால் திரையில் சத்தமே இல்லாமல் வண்ண ஒளி மேகம்போல விரிந்து மடங்கும். இந்தக் கலைக்கு 'லூமியா' என்று பெயர் வைத்தார். பிறகு ஆள் இல்லாமல் தானே ஓடும் பெட்டிகளும் செய்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கேட்டு 1964இல் அவர் முடித்துக்கொடுத்த 158ஆம் படைப்பு, ஒருமுறை காட்டிய ஒளிக்கோலத்தை அப்படியே மறுபடி காட்ட 9 வருடம் 127 நாள் 18 மணி நேரம் ஆகும். வெவ்வேறு வேகத்தில் சுற்றும் சக்கரங்கள் எல்லாம் மறுபடி ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கு வர அவ்வளவு காலம். மீச்சிறு பொது மடங்கு பாடத்துக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குப் பணிக்காலத்தில் கிடைக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

1980இல் அதை எடுத்துக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். 2017இல் யேல் பல்கலைக்கழகத்தின் கண்காட்சிக்காகப் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி எரிந்தது. இடையில் 37 வருடம்.

வில்ஃப்ரெட்டின் கருவிகளில் சிக்கல் பல்பு. எல்.இ.டி. போட்டால் சூடு இல்லை, தீப்பயம் குறைவு, கரண்ட் மிச்சம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் பல்பின் வெளிச்சம் மட்டும் வேலை செய்யவில்லை. பல்புக்குள் இருக்கும் இழை, வளைந்த பிரதிபலிப்பான்களில் பட்டு இழுபட்டு, அதன் உருவமே திரையில் பட்டுத்துணிபோல விரிகிறது. இழை மாறினால் ஓவியனின் தூரிகையைப் பிடுங்கி வேறு தூரிகை கொடுத்த கதை. அங்கே பல்பு உதிரிப்பாகம் அல்ல, படைப்பின் ஓர் உறுப்பு.

மின்னி மின்னி அணையும் விளக்குகளிலும் இதே வித்தியாசம் உண்டு. குண்டு பல்பின் இழை சூடாகக் கொஞ்சம், ஆறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். விநாடியில் பத்தில் ஓரிரு பங்குதான், ஆனால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விடுவதுபோல இருக்கும். எல்.இ.டி. படக்கென்று எரிந்து படக்கென்று அணையும். இன்றைய திருவிழா போர்டுகளைப் பார்க்கும்போது கண் கூசுகிறதே, பழைய சுகம் இல்லையே என்று என் வயதுக்காரர்கள் சொல்வது வெறும் கிழட்டுப் புலம்பல் இல்லை, அதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது.

பழைய பல்பைக் காப்பாற்ற ஒரு வழியும் இயற்பியலிலேயே உண்டு. வோல்டேஜை 10 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் பல்பின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும், கொஞ்சம் சிவந்தும் தெரியும். அறையின் மற்ற விளக்குகளைக் குறைத்துவிட்டால் பார்ப்பவருக்கு அது உறுத்தாது. கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் மாட்டிய ஒரு பல்பு இன்னும் எரிகிறது என்று படித்திருப்பீர்கள். ஏறக்குறைய 4 வாட் மினுமினுப்பில்தான் அது அத்தனை காலம் ஓடுகிறது.

வேறு சிலருக்கு இந்தக் கவலையே இல்லாமல் இருந்தது. அமெரிக்காவின் டான் ஃபிளேவின் 1963இல் கடையில் விற்கும் 8 அடி மஞ்சள் டியூப்லைட்டைச் சுவரில் சாய்வாக மாட்டி, இதுதான் கலை என்றார். டியூப் போனால் வேறு டியூப் வாங்கி மாட்டு, படைப்பு என்பது சான்றிதழிலும் வரைபடத்திலும் இருக்கிறது என்ற கட்சி. அப்போது அது சாமர்த்தியம். இன்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டிலிருந்து வழக்கமான டியூப்லைட்டுகளைச் சந்தைக்கு விடத் தடை போட்டுவிட்டது. ஜப்பானில் தோஷிபா 2010இலேயே சாதாரணக் குண்டு பல்பு செய்வதை நிறுத்தியது. 'கடையில் கிடைக்கும்' என்பதை நம்பிச் செய்த கலைக்குக் கடையே இல்லாமல் போகிறது.

மறுபடி தனாகாவின் உடைக்கு வருகிறேன்.

இன்று கண்காட்சிகளில் நாம் பார்க்கும் உடை 1986இல் மறுபடி உருவாக்கப்பட்டது. தகமட்சு நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனாகா அப்போது உயிரோடு இருந்தார், 2005இல்தான் காலமானார். 1956இன் புகைப்படங்கள் இருந்தன. தன் உடைக்காக அவர் வரைந்த படங்களும் இருந்தன. பிறகு வாழ்நாள் முழுக்க அவர் வரைந்த ஓவியங்களைப் பாருங்கள்: வண்ண வட்டங்கள், வட்டங்களை இணைக்கும் சிக்கலான கோடுகள். பல்பும் வயரும்தான். உடையைக் கழற்றிய பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை என்பார்கள் போலிருக்கிறது. நியூயார்க்கில் 2004, ஜெர்மனியின் டாக்குமென்டா 2007, குகன்ஹைம் 2013 என்று அந்த 1986 உடை பயணம் போய்க்கொண்டே இருக்கிறது. எரிகிறது, அணைகிறது. ஆனால் யாரும் அதை உடுத்துவதில்லை. உள்ளே ஆள் இல்லாமல் நிற்கிறது.

இது சரியா என்று சில நாள் யோசித்தேன். அவர் நடுங்கிக்கொண்டு உள்ளே நின்றதுதானே அந்தப் படைப்பின் உயிர்? ஆனால் அந்தத் துணிச்சல் அவருடையது, அவர் தன் உடம்பை வைத்து எடுத்த முடிவு. அதை இன்னொரு 24 வயதுப் பெண்மேல் மாட்டிவிட எந்த அருங்காட்சியகத்துக்கும் உரிமை இல்லை. வெறும் உடை எரிவதைப் பார்க்கும்போது உள்ளே நின்றவர் நினைவுக்கு வருகிறார், எனக்கு அது போதும்.

இனி மயில். மாணவரை வீட்டுக்கு வரச்சொல்லி உட்கார்ந்து பேசினோம். முதலில் அவரைக் கேட்டேன்: "தம்பி, இதில் உன் அப்பா எது? வயரா, பல்பா, உருளையா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உருளைதான் சார். ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட அந்தச் சத்தம் நின்னா எழுந்துடுவாரு. தகடு வெட்டினது முழுக்க அவர் கை" என்றார்.

அப்படியென்றால் வயரில் நமக்குப் பாசம் வேண்டாம் என்று முடிவாயிற்று. முதல் வேலை, எதையும் கழற்றுமுன் எல்லாப் பக்கமும் போட்டோ. எந்த வயர் எந்தத் தகட்டிலிருந்து எந்தத் தோகைக்குப் போகிறது என்று நோட்டில் படம். ஒவ்வொரு வயருக்கும் சீட்டு. அவர் பெண் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், அந்தப் பொறுப்பை அவள் ஏற்றுக்கொண்டாள். பழைய வயர் முழுவதும் வெளியே, ஒரு சாண் நீளம் மட்டும் உறையில் போட்டு எழுதிப் பத்திரம். புது வயர் நல்ல கம்பெனியின் தீப்பிடிக்காத ரகம்.

உருளைதான் யோசிக்க வைத்தது. அந்தக் காலத்தில் 230 வோல்ட் நேராகத் திறந்த செம்புத் தகடுகளில் ஓடியது. பட்டை உரசும்போது பொறி பறக்கும், அதுவும் காய்ந்த மரத்தின்மேல். குழந்தைகள் கைநீட்டினால் தொட்டுவிடும் உயரம். நாங்கள் செய்யப்போவது இது: உருளை சுற்றும், பட்டை உரசும், ஆனால் தகடுகளில் 12 வோல்ட் டிசி மட்டும். அந்த 12 வோல்ட் ரிலேக்களை இயக்கும், ரிலேக்கள் மூடிய பெட்டிக்குள் இருந்து பல்புகளுக்கு மின்சாரம் விடும். அப்பா வெட்டிய தாளத்தில்தான் தோகை விரியும், பொறி மட்டும் இருக்காது. பல்பு விஷயத்தில் குண்டு பல்புதான் வேண்டும் என்று நானும் எல்.இ.டி. போதும் என்று அவரும் இரண்டு நாள் சண்டை. கழுத்துக்கும் கொண்டைக்கும் குண்டு பல்பு, தோகைக்கு மெதுவாக ஏறி இறங்கும்படி செய்த எல்.இ.டி. என்று அவர் பெண் தீர்ப்புச் சொன்னாள். ஒத்துக்கொண்டோம்.

மோட்டாரின் உலோக உடம்புக்கு எர்த், மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது வரிசையில் ஒரு 100 வாட் பல்பைச் சேர்த்த சீரிஸ் போர்டு வழியாக. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் அந்த பல்பு முழுசாக எரிந்து காட்டிக்கொடுக்கும், வேறு எதுவும் கருகாது. எலக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய வித்தை. நம்மில் பலர் அவசரத்தில் மறப்பதும் அதையேதான். லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்து மெக்கர் வைத்துச் சோதித்துச் சரி சொன்ன பிறகுதான் திருவிழாத் திடலுக்குப் போகும்.

போன வாரம் மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தோம். உருளை மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. பட்டை ஒன்று துருவில் சிக்கியிருக்கிறது. இன்று மாலை அவர் வருகிறார், மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுத்து வைத்திருக்கிறேன்.